13 சென்டினல்ஸ் வாங்கப் போகிறீர்களா? டிஸ்கின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்

ஜப்பானில் இருந்துகொண்டு பழைய கேம் டிஸ்க் வாங்குகிறவர்கள், அதிலும் '13 சென்டினல்ஸ்: ஏஜிஸ் ரிம்' தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

வனில்லாவேர் உருவாக்கி அட்லஸ் வெளியிட்ட இந்த கேம் பிளேஸ்டேஷன் 4-க்கு (பிஎஸ்4) ஜப்பானில் வந்தது 2019 நவம்பர் 28 அன்று. அதற்கு முன்பே, அதே ஆண்டு மார்ச் 14 அன்று, 'புரோலாக்' என்று ஒரு டிஸ்க் தனியாக விற்பனைக்கு வந்தது. கதையின் ஆரம்பம் மட்டும்தான் அதில் உண்டு. என்னிடம் முழு கேம் என்று விற்றது அதைத்தான்.

வாங்கியது பழைய பொருள் விற்கும் ஒரு மொபைல் ஆப்பில், தனிநபர் ஒருவரிடம். படத்தில் இருந்தது முழு கேமின் அட்டை. வந்த பெட்டியும் அதேதான், உள்ளே டிஸ்க் மட்டும் வேறு. பிஎஸ்4-இல் போட்டதும் திரையில் வந்த பெயரின் கடைசியில் 'புரோலாக்' என்று ஜப்பானியக் கத்தகானா எழுத்தில் நின்றது. விற்றவரிடம் கேட்டால், அது முதல் பதிப்பு, நெட் இணைப்பு கொடுத்தால் மீதிக் கதை அப்டேட்டில் இறங்கிவிடும் என்றார். பச்சைப் பொய். அப்படி ஒரு அப்டேட்டே கிடையாது. விடாமல் கேட்டதும், சரியான டிஸ்க் ஊரில் இருக்கிறது, வார இறுதியில் அனுப்புகிறேன் என்று இழுத்தார்.

அந்த இழுப்பில்தான் சூட்சுமம். 'பொருள் கிடைத்தது' என்று நாம் அழுத்தும்வரை பணம் ஆப் நிறுவனத்திடம் இருக்கும். அழுத்தாவிட்டாலும் கெடு முடிந்ததும் தானாக விற்றவருக்குப் போய்விடும். பணம் போன அன்றிலிருந்து அவரிடமிருந்து பதிலே இல்லை. ஆப்பின் உதவிப் பிரிவோ, பரிவர்த்தனை முடிந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டது.

ஆரம்பமாவது கிடைத்ததே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். 13 மாணவர்கள், 1985-இல் தொடங்கி காலம் தாண்டிப் பின்னிக்கொள்ளும் 13 கதைகள். ஒருவர் கதை ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளும். இன்னொருவர் கதையைப் பார்த்தாலோ, ரோபோச் சண்டையில் ஜெயித்தாலோதான் திறக்கும். ஃபுயுசாகா இயோரி வாயில் ரொட்டியோடு பள்ளிக்கு ஓடி ஒரு பையன்மேல் மோதுவாள். பார்க்க சாதாரணப் பள்ளிக் காதல் மாதிரி இருக்கும், ஆனால் அந்தப் பையன் யார் என்பது போகப் போகத்தான் விளங்கும். காமிதானி ஜார்ஜ் எழுதிய கதையின் சுவையே அதில்தான் இருக்கிறது. புரோலாக் டிஸ்க் முடிச்சைப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது.

அதனால் அட்டைப் படத்தை மட்டும் நம்பாதீர்கள், டிஸ்கின் மேல்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தப்பான டிஸ்க் வந்தால் விற்றவரின் சமாதானத்தைக் கேட்டுக் காத்திருக்காமல் அன்றே ஆப்பில் புகார் பதியுங்கள். அப்புறம், ஆங்கிலத்தில் படிக்க வேண்டுமென்றால் 2020 செப்டம்பர் 22 அன்று வெளிநாடுகளில் வந்த பதிப்பைத் தேடுங்கள்.

அதே ஆள் இப்போது மறுபடி ஒரு '13 சென்டினல்ஸ்' விளம்பரம் போட்டிருக்கிறார். பெட்டியின் கீழ் மூலையில் விரிசல், அதன்மேல் ஒளிபுகும் டேப். அந்தப் படத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள்.