மேப்பிள் துப்பாக்கிக் கட்டைக்கு எந்தச் சாயம்: வினிகரா, வால்நட் தோலா, வெடியுப்புத் திராவகமா?

மேப்பிள் பலகையை இழைத்து முடித்துப் பார்த்தால் சப்பென்று இருக்கும். பச்சரிசி மாவைப் பிசைந்து வைத்தது போல ஒரு நிறம். அதையே ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள், குறுக்கே பட்டை பட்டையாகப் புலிவரிகள் எழும். பலகை காய்ந்ததும் மறைந்துவிடும். அந்த வரிகளை மறையவிடாமல் நிறுத்திவைப்பதுதான் சாயத்தின் வேலை.

வரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் சாயத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. இந்த வகை மேப்பிளில் நார்கள் நேராக ஓடாமல் அலை அலையாக ஓடும். இழைக்கும்போது ஓரிடத்தில் நாரின் பக்கவாட்டும், அடுத்த இடத்தில் அதன் வெட்டுவாயும் மேலே வரும். வெட்டுவாய் தாகம் எடுத்தவன் மாதிரி உறிஞ்சும், பக்கவாட்டு அவ்வளவாக உறிஞ்சாது. வயலினின் முதுகுப் பலகையில் பார்க்கிறோமே, அதே வரி. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் பக்கம் ஜெர்மன், சுவிஸ் குடியேறிகள் செய்த நீளக்குழல் ரைஃபிள்களின் அழகே இதுதான். செய்தது பென்சில்வேனியாவில், பெயர் மட்டும் கென்டக்கி ரைஃபிள்.

அந்த மாதிரி ரைஃபிள் ஒன்றுக்குக் கட்டை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் பதியும் மரப்பகுதி, செதுக்கியபோது, அதே பலகையில் மிஞ்சிய துண்டுகளில் ஒவ்வொரு சாயமாகப் பூசிப் பார்த்தேன். வேறு பலகையில் சோதித்துப் பயனில்லை. சர்க்கரை மேப்பிள் கடினம், சிவப்பு மேப்பிள் கொஞ்சம் மென்மை, ஒரே சாயம் இரண்டிலும் இரண்டு விதமாகப் பிடிக்கும்.

முதலில் டீயையும் காபியையும் ஒதுக்கிவிடலாம். நான்கு கை பூசினாலும் பழைய காகித நிறத்தைத் தாண்டாது, வெயில் பட்டால் அதுவும் வெளுக்கும். மெல்லும் புகையிலையை அம்மோனியாவில் வாரக்கணக்கில் ஊறவைக்கும் பழைய பக்குவம் ஒன்று உண்டு. மஞ்சள் கலந்த பழுப்பு நன்றாகவே வருகிறது, ஆனால் அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்த முடியாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊதாவாக இறங்கிச் சில நிமிடங்களில் பழுப்பாகும். பார்க்க ஜோர்தான், ஆனால் வருடங்கள் போகப்போக நிறம் இறங்கிவிடும். அதை இயற்கைச் சாயம் என்று சொல்லவும் முடியாது.

நிஜப் போட்டி மற்ற மூன்றுக்கும் இடையில்தான்.

கறுப்பு வால்நட்டின் பச்சைத் தோல் இந்த ஊரில் காசில்லாமல் கிடைக்கும். செப்டம்பர், அக்டோபரில் மரத்தடியில் உருண்டு கிடக்கும் காய்களைப் பொறுக்கி, தோலை உரித்து, கறுக்கும்வரை நீரில் ஊறவிட்டு, பிறகு கொதிக்கவைத்து வடிகட்டினால் சாயம் தயார். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்துக்கொள்ளலாம். கையுறை இல்லாமல் உரித்தால் விரல்கள் வாரக்கணக்கில் கறுத்தே இருக்கும், எந்த சோப்புக்கும் மசியாது. கடையில் 'வால்நட் படிகம்' என்று விற்பவற்றில் பல, வால்நட்டே இல்லாத ஒருவகைக் கரிமண்ணிலிருந்து வருபவை.

மூன்றில் மிகவும் சாது இதுதான். பிழை செய்ய வழியே இல்லை. இன்னும் அடர்த்தி வேண்டுமா, இன்னொரு கை பூசு, அவ்வளவுதான். குறை என்னவென்றால், நிறம் குளிர்ந்த பழுப்பு, சிவப்பே இல்லை. வரியும் பக்கவாட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கறுப்பதால் புலி கொஞ்சம் பூனையாகிவிடுகிறது.

அடுத்தது வினிகரும் இரும்பும். ஸ்டீல் வுல் என்ற மெல்லிய இரும்புநாரைச் சோப்பு நீரில் அலசி எண்ணெய் போக்கி, சாதாரண 5 சதவீத வெள்ளை வினிகரில் சில நாள் போட்டு வையுங்கள். மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே ஹைட்ரஜன் வாயு கிளம்பும். வடிகட்டினால் இளம்பச்சை நீர் கிடைக்கும், காற்றுப் பட்டால் துருநிறமாகும்.

இதை ஓக்கில் தடவினால் கண்ணெதிரே கறுக்கும். மேப்பிளில் தடவினால் மழையில் நனைந்த வேலிப்பலகை போல வெறும் சாம்பல். நிறைய பேர் இந்தக் கட்டத்தில்தான் வினிகரைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். தப்பு வினிகருடையது அல்ல, மேப்பிளில் துவர்ப்பு போதாது. இரும்பு கறுக்கத் துவர்ப்பு வேண்டும். கலம்காரித் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த கரைசலைத் தொட்டு எழுதியதும் கறுக்கிறதே, அதே சங்கதிதான். அதனால் முதலில் கெட்டியான கறுப்பு டீ டிகாக்‌ஷனைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இரும்புக் கரைசல். இரண்டையும் முன்கூட்டியே ஒன்றாகக் கலந்தால் மைதான் கிடைக்கும்.

சரி, கடுக்காயையே போட்டால் என்ன என்று இந்தியக் கடையில் பொடி வாங்கி ஒரு துண்டில் பூசினேன். இரும்புக் கரைசல் பட்ட நொடியில் கருங்காலி. வரியும் இல்லை, மேப்பிளும் இல்லை. டீயே போதும். டீ பூசிய துண்டு அடர் பழுப்பாக நின்றது, வெப்பத் துப்பாக்கியால் (சூடான காற்றை ஊதும் கருவி) லேசாகச் சூடு காட்டியதும் சாம்பல் சாயல் குறைந்தது. கறுப்பேற்றி, மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து வரியில் மட்டும் கறுப்பை நிறுத்துபவர்களும் உண்டு. கித்தாருக்கு அது எடுப்பாக இருக்கும். பழைய பாணித் துப்பாக்கியில் வரிக்குதிரை மாதிரி துருத்திக்கொண்டு தெரியும், எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது, லங்காஸ்டர் கொல்லர்கள் காலத்துச் சரக்கு. அக்வா ஃபோர்டிஸ், அதாவது நைட்ரிக் அமிலம், அதை நீர்த்து அதில் இரும்பைக் கரைத்தது. நம் பழைய பேச்சில் அந்த அமிலம்தான் வெடியுப்புத் திராவகம். பூசியதும் பச்சை கலந்த மஞ்சளாக அசிங்கமாக இருக்கும். 'கெட்டுது' என்று மனம் பதறும். வெப்பத் துப்பாக்கியை அருகில் கொண்டுபோனதும் அந்த மஞ்சள் நகர்ந்து, பின்னாலேயே செம்பழுப்பு ஓடிவரும். வரிகள் உள்ளிருந்து எழுவது போல இருக்கும், கட்டையைச் சாய்த்தால் வெளிச்சத்தோடு புரளும். இந்தச் சிவப்பு மற்ற இரண்டிலும் வரவே இல்லை.

ஆனால் இதைச் சமையலறைச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரும்பு கரையும்போது எழும் பழுப்புப் புகை நுரையீரலைப் பதம் பார்க்கும். திறந்தவெளி, கையுறை, கண்ணாடி எல்லாம் கட்டாயம். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. இரும்பு இப்படிக் கரைந்தால் கிடைக்கும் உப்பான ஃபெர்ரிக் நைட்ரேட்டையே படிகமாக வாங்கி நீரில் கரைத்துக்கொண்டால் புகைத் தொல்லையில்லாமல் கிட்டத்தட்ட அதே நிறம் வரும். நான் செய்ததும் அதுதான். கன்னம் பதியும் மேட்டின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சூடு காட்ட மறந்துவிட்டேன். அந்த இடம் மட்டும் பாசி பிடித்தது போல் பச்சையாக நின்றது, பிறகு எண்ணெய் பூசிய பிறகும் காட்டிக்கொடுத்தது. சூடு காட்டியபின் ஆப்பசோடா கரைத்த நீரால் துடைத்து அமிலத்தை முறிக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டை காலப்போக்கில் இன்னும் கறுக்கும், குழல் உட்காரும் பள்ளத்தில் மிஞ்சிய அமிலம் குழலையே துருப்பிடிக்கவைக்கும்.

ஆக, பழைய ரைஃபிளின் சாயல் வேண்டும், வெளியே வேலைசெய்ய இடமும் பொறுமையும் இருக்கிறது என்றால் ஃபெர்ரிக் நைட்ரேட்தான், யோசிக்கவே வேண்டாம். வீட்டுச் சாமானிலேயே முடிக்க வேண்டுமென்றால் டீயும் வினிகரும். வால்நட்டைத் தனிச்சாயமாக எடுக்கமாட்டேன். மற்ற இரண்டின் மேலும் மெல்லிய கையாகப் பூசிச் சமன்படுத்த அதற்கு இணை இல்லை, உடைந்து ஒட்டிய இடத்தின் நிறத்தைச் சேர்க்கவும் அதுவே கைகொடுக்கிறது.

எதைப் பூசினாலும் முன்னதாகக் கட்டையை வெறும் நீரால் நனைத்துக் காயவிட்டு, எழும் சிராயை 220, பிறகு 320 உப்புத்தாளால் தேயுங்கள். கட்டையின் பின்முனையில் வெட்டுவாய் முழுதும் திறந்திருக்கும், அங்கே சாயத்தை நீர்க்கப் பூசாவிட்டால் தார் மாதிரி ஆகிவிடும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய், மெல்லிய கைகளாக, ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிட்டு. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் எறியாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.