சர்க்கரைக்கு வரியா, பொட்டலத்தில் கறுப்பு முத்திரையா?

உடல்பருமன் என்றதும் "வாயைக் கட்டு" என்ற அறிவுரைதான் முதலில் வருகிறது. அமெரிக்காவில் ஊட்டச்சத்து ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபிறகு அந்த அறிவுரையைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது. 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு (சிப்ஸ், பிஸ்கட் போல ஆலையில் தயாராகிப் பொட்டலத்தில் வருவது), இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஏறக்குறைய சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. மன உறுதி இரண்டு வாரத்தில் மாறிவிடுமா என்ன?

அப்படியானால் மாற வேண்டியது கடை அலமாரி. அதை மாற்ற அரசுகள் எடுத்த வழிகளில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மெக்சிகோ 2014-இல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டது. முதல் ஆண்டில் விற்பனை சராசரியாக 6% குறைந்தது. ஏழைக் குடும்பங்களில் அதைவிட அதிகம். நல்ல தொடக்கம்தான். ஆனால் லிட்டர் கணக்கில் வரி என்பதால், பானத்தில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் கம்பெனிக்கு வரி குறையாது.

பிரிட்டன் இந்த ஓட்டையை அடைத்தது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரியே இல்லை. 5 முதல் 8 கிராம் வரை தொடக்கத்தில் லிட்டருக்கு 18 பென்ஸ், அதற்கு மேல் 24 பென்ஸ் என்று இருந்தது. 2016-இல் அறிவித்துவிட்டு 2018 ஏப்ரல் வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்த இடைவெளிதான் இதன் உயிர். வரி நடைமுறைக்கு வரும் முன்பே பாதிக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். முதலில் 52 கோடி பவுண்டு வரும் என்று போட்ட கணக்கைக் கருவூலம் 24 கோடியாகக் குறைத்துக்கொண்டது. வருமானம் குறைவதே வெற்றி என்று சொல்லக்கூடிய வரி இது! வாங்குகிறவர் எதையும் படிக்கவோ யோசிக்கவோ வேண்டாம். 10-11 வயதுச் சிறுமிகளிடம் உடல்பருமன், வரி இல்லாதிருந்தால் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 8% குறைவாக இருந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. சிறுவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. குறையும் உண்டு: வரி பானத்தோடு நின்றுவிடுகிறது. பிஸ்கட்டும் சிப்ஸும் தப்பித்துக்கொள்கின்றன.

அங்கேதான் சிலி முன்னால் நிற்கிறது. 2016 ஜூன் முதல், சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் எது வரம்பை மீறினாலும் பொட்டலத்தின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை வந்தாக வேண்டும். முத்திரை பெற்ற பொருளைப் பள்ளியில் விற்கக் கூடாது. குழந்தைகளை இழுக்கும் விளம்பரமோ கார்ட்டூன் பொம்மையோ கூடாது. முதல் ஒன்றரை ஆண்டில் முத்திரைக்குரிய பானங்களின் கொள்முதல் சுமார் 24% குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொம்மைத் தடைதான். சத்துப் பட்டியலைப் படிக்கத் தெரியாத வயதில், பொம்மையைக் காட்டி ஒரு பிள்ளையை இழுப்பது அநியாயம். ஆனால் குறைந்ததில் முத்திரையின் பங்கு எவ்வளவு, விளம்பரத் தடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தவை.

சரி, ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால்? நான் சிலியின் வழியையே எடுப்பேன். உணவு முழுவதையும் அது தொடுகிறது, குழந்தைகளை முன்னே வைக்கிறது. வரிக்கும் இடமிருந்தால், லிட்டருக்கு வேண்டாம், கிராமுக்குப் போடுங்கள். தென்னாப்பிரிக்கா 2018-இல் அப்படித்தான் செய்தது: 100 மில்லிக்கு முதல் 4 கிராம் விலக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் வரி. அங்கே ஒரு கிராம் குறைத்தாலும் கம்பெனிக்கு லாபம்.