லோகோ பைலட்டுகளுக்கான மருத்துவத் தகுதிப் பரிசோதனை: லாந்தர் அறை அருமை, வரிசை கொடுமை

ரயில் ஓட்டுநர்களான எங்களுக்குரிய காலமுறை மருத்துவப் பரிசோதனையை இந்த வாரம் முடித்தேன். இருட்டறையில் நடக்கும் லாந்தர் சோதனைதான் இதன் உயிர்நாடி. கடுகளவு துளையில் சிவப்பு, பச்சை மாறிமாறி வரும். தயங்காமல் நிறம் சொல்ல வேண்டும். என் கண் இருட்டுக்குப் பழகும்வரை மருத்துவர் அவசரப்படுத்தவே இல்லை. கோவையை அடுத்த மதுக்கரை–வாளையார் ரயில் தடத்தில் யானை குறுக்கிடும் இரவுகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பொறுமையின் அருமை தெரியும்.

ரத்தப் பரிசோதனை ஏற்பாடுதான் மோசம். வெறும் வயிற்றோடு வந்தவர்களைப் பதினொரு மணிவரை நிற்க வைத்தார்கள்; சர்க்கரை நோயாளிகளும் அதில் இருந்தார்கள். 45 வயதுவரை 4 ஆண்டுக்கு ஒருமுறை, 55 வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் இந்தப் பரிசோதனை உண்டு. ஆக, மூத்தவர்கள்தான் அடிக்கடி வருகிறார்கள். அவர்களுக்கு நாற்காலியாவது போடுங்கள்.