மகளின் வாயிலிருந்து எடுத்த கிளிப் துண்டு

எட்டு மாதக் குழந்தை எதையோ மெல்லுவதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அது சாப்பாட்டு நேரம் இல்லை. வாயைத் திறந்தபோது நாக்கின் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நுனியைப் பிடித்து எடுத்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, ஓரத்தில் வரிசையாகக் குட்டிப் பற்கள். (கண்ணுக்குத் தெரிந்ததால்தான் எடுத்தேன். தெரியாதபோது விரலை விட்டுத் துழாவாதீர்கள், பொருள் இன்னும் உள்ளே போய்விடும்.)

அவள் சட்டையில் மாட்டியிருந்த சூப்பான் கிளிப்பின் உள்பக்கப் பல் அது. (குழந்தை வாயில் வைத்துச் சப்பும் சூப்பான் கீழே விழாமல், மரமணி கோர்த்த கயிற்றால் அதைச் சட்டையோடு பிணைத்து வைக்கும் கிளிப்.) துணி கிழியாமல் இருக்க, உலோகத் தாடையின் உள்ளே இப்படி ஒரு பிளாஸ்டிக் பட்டையைப் பொருத்துவார்கள். இதில் பசையும் இல்லை, ஆணியும் இல்லை, வெறுமனே அழுத்திச் செருகியிருக்கிறார்கள். மறுபக்கத்துப் பல்லை நகத்தால் நெம்பினேன், அதுவும் கையோடு வந்துவிட்டது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

படம் எடுத்து விற்றவர்களுக்கு அனுப்பினேன். "குழந்தை கடித்திருக்கும், கடிக்கக் கொடுக்கக்கூடாது" என்று பதில் வந்தது. அவர்கள் விளம்பரத்திலேயே 'பல் முளைக்கும் குழந்தைக்கு ஏற்ற மரமணிகள்' என்று இருக்கிறது! அதைச் சுட்டிக்காட்டியதும், சுகாதாரக் காரணத்தால் குழந்தைப் பொருட்களைத் திரும்ப வாங்குவதில்லை என்றார்கள். மறுநாள் குரல் மாறியது. நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் புது கிளிப் ஒன்று இலவசமாம். அதே கிளிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

'பரிசோதிக்கப்பட்டது' என்று போட்டிருந்தீர்களே, அந்தச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அனுப்பினார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மரமணியில் பூசிய சாயத்தில் ஈயம் இல்லை என்பதற்கான சோதனை அது. கிளிப்பைப் பற்றியோ, கயிற்றைப் பற்றியோ, முழுப் பொருளாகக் கோர்த்த பிறகு அது தாங்குமா என்பதைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. சாயம் நல்ல சாயமாகவே இருக்கட்டும். என் மகளின் தொண்டையை அடைக்க இருந்தது சாயமா?

அன்று இரவு ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சூப்பான் பிடிப்பான்களுக்கென்றே ஐரோப்பாவில் இஎன் 12586 என்று ஒரு தரம் இருக்கிறது. நீளம் 22 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்கிறது. கழுத்தைச் சுற்றிவிடக்கூடாது என்பதுதான் காரணம். என் கையில் இருந்தது 31 செ.மீ. ஆடையில் மாட்டும் பகுதியில் துளைகள் வேண்டும் என்றும் அது சொல்கிறது. கிளிப்பே தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சமாவது காற்றுப் போகட்டும் என்றுதான் அந்தத் துளை. மற்ற கிளிப்களில் பார்த்தபோது நான் அதை அழகுக்குப் போட்டது என்றே நினைத்திருந்தேன். இதில் அதுவும் இல்லை.

பிறகு கயிற்றை வெட்டிப் பார்த்தேன். அத்தனை மணிகளையும் பிடித்துக்கொண்டிருந்தது கடைசியில் போட்ட ஒரே ஒரு முடிச்சு. எச்சிலில் நனைந்து நனைந்து நூல் ஏற்கெனவே பிசிறடித்திருந்தது. அது அறுந்தால் ஒன்றல்ல, பதினான்கு மணிகளும் ஒரே நேரத்தில் உதிரும். மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளின் பொருட்களைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு குழாய் வைத்திருக்கிறார்கள். எந்தப் பாகம் கழன்று அதற்குள் முழுசாக அடங்குகிறதோ, அது ஆபத்து. இந்த மணியின் விட்டம் 12 மி.மீ.தான்.

பொம்மைகளுக்கான ஐரோப்பியச் சோதனையில், 6 மி.மீ.க்குப் பெரிய பாகத்தை 90 நியூட்டன் விசையில் இழுப்பார்கள். கிட்டத்தட்ட 9 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. நகத்துக்கே கழன்ற பல் அதில் எங்கே நிற்கும்?

நல்ல கிளிப் செய்வது பெரிய வித்தை இல்லை என்பதுதான் ஆற்றாமை. பல்லும் தாடையும் ஒரே வார்ப்பாக இருந்தால் கழல ஒன்றுமே இல்லை. ஸ்பிரிங் வெளியே தெரியாமல் மூடியிருக்க வேண்டும். உருண்டைக் கயிற்றுக்குப் பதில் தட்டையான துணிப்பட்டை, இரண்டு முனையும் மடித்துத் தைத்தது, மணியே இல்லாதது. சூப்பானைக் கோர்க்கும் பக்கத்தில் டிச் பட்டன் இருந்தால், அதைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். துணியிலிருந்து பட்டனே பெயர்ந்து வந்தால் வேண்டாம்.

நல்லதே கிடைத்தாலும் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். சட்டையில் தொங்கும் நாடா, லேஸ், முடிச்சு எதிலும் மாட்டாதீர்கள். நீளம் போதவில்லை என்று இன்னொரு கயிற்றைச் சேர்க்கவே கூடாது.

உங்கள் வீட்டில் உலோகத் தாடையும் உள்ளே வெள்ளைப் பல்லும் உள்ள கிளிப் இருந்தால், இதைப் படித்த கையோடு அந்தப் பல்லை நெம்பிப் பாருங்கள். அசைந்தால் தூக்கிப் போடுங்கள்.

பணம் திரும்பி வரவில்லை, விமர்சனத்தை நான் நீக்கவும் இல்லை. விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைத் திறந்தால் இன்றும் முதல் படமாக வருவது, மார்பில் அதே கிளிப்போடு தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை.