சுங்கை சிப்புட் ரொட்டிக்கடை: சாம்பார் சுமார், பேச்சு பிரமாதம்

ஐந்தாறு வருடமாக நான் பசியாறப் போகும் கடை. ரொட்டி சானாய் ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் ஏடேடாகப் பிரியும். சாம்பார்தான் சில நாள் வெறும் மஞ்சள் தண்ணீர். அண்ணனிடம் சொன்னால் சிரிப்பார், அவ்வளவுதான்.

உண்மையில் நான் போவது மூலை மேசைக்காக. தோட்டத்தில் கிராணியாக இருந்த பெரியவர் ஒருவர் அங்கே தினமும் அரசியல் பேசுவார். 2022 கடைசியில் அவர் வாயில் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம்தான். "தம்பி, மாநிலம் முழுக்கக் கீழவைக்கு ஒரே சீட்டு. அதில் இருந்த பீட்டர் வெல்ச் செனட்டுக்குப் போட்டியிட்டார், இடம் காலி. ஆகஸ்டில் உட்கட்சித் தேர்தலிலேயே பெக்கா பாலின்ட் துணை ஆளுநரைத் தோற்கடித்துவிட்டார். நவம்பரிலும் அவர்தான். அம்பது மாநிலத்தில் பெண்ணையே காங்கிரசுக்கு அனுப்பாமல் இருந்தது அது ஒன்றுதான், பார்த்துக்கோ!"

காலி இடம் என்றால் எல்லாருக்கும் ஆசை வரும். ஆள் உட்கார்ந்திருந்தால்? 1974 முதல் இங்கே மலேசிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலுவை 2008 தேர்தலில்தான் டாக்டர் ஜெயகுமாரால் அசைக்க முடிந்தது. அதைச் சொன்னதும் பெரியவர் தே தாரிக்கைக் கீழே வைத்தார். அப்புறம் ஒரு மணி நேரம் எழவிடவில்லை.

ஒன்பதுக்குள் போங்கள், பிறகு ரொட்டி இருக்காது. சீனி குறைவாக வேண்டுமென்றால் இரண்டு தடவை சொல்லுங்கள்.