அளந்து பார்த்துப் பழுது நீக்குபவர்: பொள்ளாச்சியில் ஓர் ஓவன் சர்வீஸ்

எங்கள் சமையலறை அலமாரியில் பதித்திருக்கும் மின்சார ஓவனை ஆடி, ஆவணி இரண்டு மாதங்களும் நான் தொடவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் சேர்ந்து பொள்ளாச்சியில் உப்பு ஜாடியையே கசிய வைக்கும் மாதங்கள் அவை. புரட்டாசியில் தேங்காய் பன் சுடலாம் என்று ஸ்விட்சைப் போட்டால், இரண்டு நிமிடம்கூட ஆகாமல் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. மறுநாளும் அதே கதைதான்.

சர்வீஸ் மையத்திலிருந்து வந்த இளைஞர் பின்பக்கத் தகட்டைத் திறக்காமலேயே, கன்ட்ரோல் போர்டு போய்விட்டது என்றும் அதை மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வயரிங் வேலை செய்யும் இன்னொருவர், பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிட்டால் மின்சாரம் இப்படி ட்ரிப் ஆகி நிற்காது என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை, ட்ரிப் ஆகாதுதான். கசியும் மின்சாரம் எர்த் வழியே போக முடியாமல் ஓவனின் இரும்பு உடம்பிலேயே நின்று, ஈரக்கையோடு கதவைத் திறப்பவரின் வழியாகத் தரைக்கு இறங்கும். இந்த யோசனையை யார் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடைசியில் எங்களுக்கு வழிகாட்டியது, தோப்பு மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டித்தரும் ஒரு சிறிய கடை. பெயர்ப் பலகைகூட இல்லாத அந்தக் கடையை நடத்தும் பெரியவர் தொலைபேசியில் கேட்ட இரண்டு கேள்விகளுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

"ஏனுங்க அம்மிணி, விழுகறது எம்சிபிங்களா, இல்ல டெஸ்ட்டுன்னு ஒரு பட்டன் இருக்குதே, அதுங்களா?"

பட்டன் உள்ளதுதான் என்றேன். இரண்டுமே ஆபத்தென்றால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்சுகள். எம்சிபி விழுந்தால் ஷார்ட் அல்லது அதிக லோடு என்று பொருள். பட்டன் உள்ள ஆர்சிசிபி, பேஸ் வயரில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்; குறைந்தால் எங்கோ கசிகிறது என்று விழும். வீடுகளில் பொதுவாகப் பொருத்துவது 30 மில்லிஆம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும் வகை. அடுத்து, மேலே சூடேற்றும் கம்பியான கிரிலை, அதாவது மேல் எலிமென்ட்டை மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னார். கிரில் கால் மணி நேரம் சிவக்கச் சிவக்க எரிந்தது, எதுவும் விழவில்லை. "அப்ப கீழ் எலிமென்ட்டு ஈரம் குடிச்சிருக்குமுங்க. எதுக்கும் அளந்து பார்த்துட்டுச் சொல்றனுங்க" என்றார்.

நாளைக்கு வருகிறேன் என்றவர் மூன்றாம் நாள்தான் வந்தார். வந்தபின் அவசரமே இல்லை. முதலில் ஓவனுக்கான 16 ஆம்பியர் பிளக்கைக் கழற்றினார். கதவைத் திறந்து ஓரத்து ஸ்க்ரூக்களை எடுத்து, என் கணவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி ஓவனை அலமாரியிலிருந்து ஸ்டூலுக்கு இறக்கி, பின்தகட்டைக் கழற்றியதும் ஒயர்கள் இருந்த நிலையை போனில் படம் எடுத்துக்கொண்டார். கீழ் எலிமென்ட்டின் இரண்டு முனைகளிலும் லக்குகளை, அதாவது ஒயர் நுனியிலுள்ள உலோக இணைப்புகளைப் பிடுங்கிய பிறகே மீட்டரை வைத்தார். மாட்டியபடியே அளந்தால் பக்கத்து சர்க்யூட்டும் சேர்ந்து தப்பான கணக்கைக் காட்டும் என்றார். 1,100 வாட்ஸ் எலிமென்ட் 230 வோல்ட்டில் சுமார் 48 ஓம் காட்ட வேண்டும். காட்டியது 47. எலிமென்ட் நன்றாக இருக்கிறது என்று பலர் கைவிடும் இடம் இதுதான்.

அவர் மின்கசிவை அளக்கும் மெக்கர் என்ற கருவியை எடுத்தார். மல்டிமீட்டர் சில வோல்ட் மட்டுமே கொடுத்து அளக்கும். மெக்கர் 500 வோல்ட் கொடுத்து அளக்கும். ஒரு முனையை எலிமென்ட்டின் டெர்மினலிலும் மறுமுனையை அதன் உலோகக் குழாயிலும் வைத்துக் கைப்பிடியைச் சுற்றியபோது, முள் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை; அதாவது மின்சாரம் தடையில்லாமல் குழாய்க்குக் கசிகிறது. குழாய்க்குள் சுருள் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி மின்சாரத்தைத் தடுக்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அன்றாடம் சூடாகும் ஓவனில் அந்த ஈரம் அவ்வப்போது வெளியேறிவிடும்; இரண்டு மாதம் சும்மா கிடந்த எங்கள் ஓவனில் அது தங்கிவிட்டது.

இதற்குப் புது எலிமென்ட் விற்றிருக்கலாம். அவர் கீழ் எலிமென்ட்டின் லக்குகளுக்கு உறை போட்டுத் தனியே ஒதுக்கி, தகட்டை மூடி, கிரிலை மட்டும் இரண்டு மணி நேரம் எரியவிட்டார். அந்தச் சூட்டிலேயே கீழ் எலிமென்ட் காய்ந்தது. ஆறியபின் மெக்கர் 50 மெகாஓமைத் தாண்டிக் காட்டியது, கசிவு நின்றுவிட்டது. பிறகு மாட்டி ஓட்டியபோது ஆர்சிசிபி அசையவில்லை. இடையில் வெப்ப சென்சாரையும் அளந்தார்: பூஜ்ய டிகிரியில் 1,000 ஓம் இருக்க வேண்டிய வகை அது, அன்றைய 28 டிகிரிக்கு 1,110 காட்டியது. எலிமென்ட்டுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் போர்டின் ரிலே டக்கென்று ஒழுங்காக ஒலித்தது. 14,000 ரூபாய் சொன்ன போர்டில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் நியூட்ரல் லக் ஒன்று கறுத்து, அதன் உறை அப்பளம்போல் நொறுங்கியிருந்ததை எனக்கும் காட்டினார். லூசான இணைப்பு சூடாகிச் சூடாகி அப்படி ஆகுமாம். அந்த முனையை வெட்டிவிட்டு, சூடு தாங்கும் கண்ணாடி இழை உறை போட்ட ஒயரையும் புது லக்கையும் இடுக்கியால் அழுத்திக் கிரிம்ப் செய்து மாட்டினார். சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால், ஓவனுக்குள் அதை நுழைக்கவே கூடாது என்பது அவர் கட்டளை.

மொத்தம் 900 ரூபாய் வாங்கினார். குறைகளும் உண்டு: பில் கிடையாது, உத்தரவாதம் எழுதித் தரமாட்டார், வெள்ளை அலமாரிக் கதவில் கிரீஸ் கைரேகை ஒன்று இன்னமும் இருக்கிறது. கதவின் ரப்பர் சீல் தளர்ந்திருந்ததைச் சொன்னபோது, அதை நீங்களே வாங்கி வையுங்கள் என்று முடித்துக்கொண்டார். போர்டுக்குள் இறங்கும் பழுதென்றால் வேறு ஆளைப் பார்க்கும்படி அவரே சொல்லிவிடுகிறார்.

"மழைக்காலத்துல வாரம் ஒருக்கா அரை மணி நேரம் சும்மானாச்சும் ஓட்டி வைங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துக் கிளம்பினார். காலை 9 மணிக்குள் அழைத்தால் போனை எடுப்பார். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு தோப்புக் கிணற்று மேட்டில் இருப்பார்.