கிளையா, வளையமா, தனித்தனியா? சென்னைப் பாதாளச் சாக்கடைக்கு எது தாங்கும்

சென்னையின் பாதாளச் சாக்கடை மரம்போலக் கிளை விட்டது. வீட்டு இணைப்பு தெருக்குழாயில் சேரும், அது பிரதானக் குழாயில், அது கழிவுநீர் உந்து நிலையத்தில். அங்கிருந்து பம்பு வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. ஊர் தட்டை. தண்ணீர் தானாக ஓட வாட்டம் (சரிவு) கொடுத்துக்கொண்டே போனால் குழாய் ஆழத்துக்கு இறங்கிவிடும். இடையிடையே மேலேற்றாமல் முடியாது.

இந்த அமைப்பில் குழாய் நீளம் குறைவு, செலவும் குறைவு. நுனியில் அடைத்தால் ஒரு தெருவோடு போகும். அடிமரத்திலோ உந்து நிலையத்திலோ கோளாறு என்றால் மேலே உள்ள பேட்டை முழுக்கத் தேங்கும். தாழ்வான வீடுகளின் கழிவறையில் எதிர்த்து வரும். மழையில் கரண்ட் போகும் அதே நேரத்தில்தான் பம்பு ஓட வேண்டியிருக்கிறது.

குழாய்களின் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்து வளையம் போட்டால் மாற்றுவழி கிடைக்குமே? குடிநீர்க் குழாய்க்கு அது சரி, அங்கே அழுத்தம் தள்ளுகிறது. சாக்கடை வாட்டத்தில் ஓடுவது. கசடு படியாமலிருக்க விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். ஓட்டத்தை இரண்டாகப் பிரித்தால் வேகம் குறைந்து மண் படியும், தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட்ராடிங் வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான். ஆகவே தெருவுக்குத் தெரு வளையம் வேண்டாம் என்பேன். பக்கத்துப் பக்கத்து உந்து நிலையங்களை அழுத்தக் குழாயால் இணைப்பது வேறு விஷயம். காசு அங்கே போகட்டும். ஒன்று படுத்தால் இன்னொன்று கொஞ்சமாவது சுமக்கும்.

ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் பல குடியிருப்புகள் சொந்தமாகவே சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கின்றன. ஒன்று கெட்டால் அந்த வளாகத்தோடு சரி, சுத்திகரித்த நீரும் தோட்டத்துக்கு ஆகும். ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அசோசியேஷனில் பணம் வேண்டும். போதாததற்குப் பல இடங்களில் அதைத் தரைக்குக் கீழ்த்தளத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். வெள்ளம் முதலில் இறங்குவது அங்கேதான்! புதிதாக விரியும் பகுதிகளுக்கு இந்த முறை பொருந்தும், தரைமட்டத்துக்கு மேலே கட்டுவதாக இருந்தால்.

மழைநீர் வடிகால் இங்கே மாநகராட்சியுடையது, சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. கொல்கத்தாவின் பழைய பகுதிகளில் இரண்டும் ஒரே குழாய். காகிதத்தில் நம்முடையது மேல். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் யாராவது மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறார்கள், மாடி மழைக்குழாயைச் சாக்கடையில் சேர்த்த வீடுகளும் ஏராளம். இப்படி மழைநீர் சாக்கடைக்குள் புகும் நேரத்தில் உந்து நிலையங்களுக்கு இடையிலான இணைப்பே ஆபத்து: நிரம்பிய நிலையம் தன் சுமையைப் பக்கத்துக்கும் தள்ளிவிடும். அதனால் இணைப்புக் குழாயில் வால்வும், அதை எப்போது மூடுவது என்று தெரிந்த ஆளும் சேர்ந்தே இருக்க வேண்டும்.